நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் தாமதம்: கர்ப்பத்துக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கோடு தெரிந்த பிறகுதான் ஃபோலிக் அமில மாத்திரை போடத் தொடங்குகிறார்கள் பலர். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் பொறுத்து டாக்டரைப் பார்க்கும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும். அதனால் கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை விடாமல் எடுக்க வேண்டும். கீரையும் பயறும் அவசியம்தான், ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போதே ஃபோலேட்டில் பெரும்பங்கு போய்விடும். அவற்றை மட்டும் நம்பக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டதும் கையில் கிடைப்பது பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரை. முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்கு டாக்டர் எழுதும் அளவு அது.

வலிப்புக்கான வால்ப்ரோயேட், பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், ரத்த அழுத்தத்துக்கான எனாலபிரில், ராமிப்ரில் ஆகியவை கருவைப் பாதிக்கும். பயந்துபோய் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. வலிப்பு திரும்பினால் தாயின் உயிருக்கே ஆபத்து. முயற்சியைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரையில் நடக்கும் தவறு வெளியே தெரியாது. காலையில் தைராக்சினோடு இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு குறையாது, டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு எடுக்காதீர்கள். தைராக்சின் எடுப்பவர்கள் டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வந்த பிறகு முயல்வது நல்லது.

ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்தே முயல வேண்டும். கர்ப்பத்தில் அதைப் போட முடியாது.

எல்லோருக்கும் மாதவிடாய்ச் சுழற்சியின் 14-ஆவது நாளில்தான் கருமுட்டை வெளிவரும் என்று நினைப்பதும் தவறு. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்புதான் அது வெளிவரும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21-ஆவது நாள் வாக்கில் வரும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டையோ ஒரு நாள்தான். ஆகவே முட்டை வெளிவரும் நாளோடு, அதற்கு முந்தைய ஐந்து நாளும் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்களில் சேரும்.

மனைவிக்கு மட்டும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் ஓடுவது நியாயமே இல்லை. விந்துப் பரிசோதனை எளிது: 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்து மாதிரி கொடுத்தால் போதும். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், கணவரும் சிகரெட்டை மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். 35 வயதுக்குக் கீழ் உள்ள பெண்கள் ஒரு வருடம் முயன்றும், 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆறு மாதம் முயன்றும் பலனில்லை என்றால், இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள்.