பழைய சர்வர் மதர்போர்டுக்கு கேபினட் தேடுவது எப்படி

பழைய சர்வர் மதர்போர்டு மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் கேபினட் வாங்கும்போது "இ-ஏடிஎக்ஸ் பொருந்தும்" (அதாவது சாதாரண ஏடிஎக்ஸைவிடப் பெரிய போர்டு பொருந்தும்) என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சூப்பர்மைக்ரோ எக்ஸ்9டிஆர்ஐ-எஃப் போர்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸியான் ப்ராசஸர் போடக்கூடிய இதன் அளவு 305 x 330 மி.மீ. சாதாரண ஏடிஎக்ஸ் போர்டு 305 x 244 தான். கேமிங் கேபினட்டுகள் பலவற்றில் 272 அல்லது 280 மி.மீ. வரை இடம் இருந்தாலே இ-ஏடிஎக்ஸ் என்று போட்டுவிடுகிறார்கள், அதில் இந்த போர்டு நுழையவே நுழையாது. அதனால் முதலில் போர்டின் மேனுவலைத் திறந்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேபினட்டின் விவரங்களில் மி.மீ. கணக்கைத் தேடுங்கள். எஸ்எஸ்ஐ-ஈஈபி (305 x 330 மி.மீ. சர்வர் போர்டுக்கான தரநிலை) என்று தெளிவாகப் போட்டிருந்தால் நல்லது. ஃபேன்டெக்ஸ் எந்தூ ப்ரோ 2 அப்படிப்பட்டது. மாடல் பெயரையும் கடைசி எழுத்து வரை பாருங்கள், ஏனென்றால் இதே குடும்பத்து எக்ஸ்9டிஆர்ஐ-எல்என்4எஃப்+ போர்டு இன்னும் பெரியது, சுமார் 348 x 331 மி.மீ.

டெல் பவர்எட்ஜ், ஹெச்பி ப்ரோலயன்ட் ரேக் சர்வர்களிலிருந்து கழற்றிய போர்டு என்றால் கதையே வேறு. திருகு ஓட்டை, பவர் கனெக்டர் எல்லாமே அவர்களுடைய சொந்த அமைப்பு. அதற்குரிய பெட்டியோடு சேர்த்துக் கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பெரிய ஆபத்து ஸ்டாண்டாஃப்பில்தான் (போர்டைத் தாங்க கேபினட்டில் திருகியிருக்கும் சிறு தூண்) இருக்கிறது. போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் நின்றால் அது பின்பக்கத்தில் பட்டு ஷார்ட் ஆகி போர்டே போய்விடலாம், ஆகவே போர்டை மேலே பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகச் சரிபார்த்து, மிச்சமுள்ளதைக் கழற்றிவிடுங்கள்.

பவர் சப்ளையில் சிபியுவுக்கான 8 பின் கேபிள் இரண்டு வேண்டும். முன்பக்க பட்டன் வயர்களைச் சூப்பர்மைக்ரோவில் ஜேஎஃப்1 என்ற இடத்தில் செருக வேண்டும்: 1, 2 பவர், 3, 4 ரீசெட்.

கடைசியாக ஃபேன். மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்களைப் போட்டால், ஃபேன் நின்றுவிட்டது என்று பிஎம்சி (போர்டைக் கண்காணிக்கும் தனிச் சிப்) எடுத்துக்கொண்டு எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் ஓட விடும், அப்புறம் குறைக்கும், திரும்பவும் ஏற்றும். அந்தச் சிப்போடு பேசும் ஐபிஎம்ஐடூல் என்ற மென்பொருள் வழியாகக் குறைந்தபட்ச வேக வரம்பை இறக்கி வைத்தால் சரியாகிவிடும்.