2,000 பிரதி அடிக்கலாமா? புதிய பதிப்பாளர்கள் செய்யும் தவறுகள்

இந்த வருடம் மட்டும், புதிதாகப் பதிப்பகம் தொடங்கிய மூன்று பேர் அச்சகம் கொடுத்த மதிப்பீட்டுத் தாளோடு என்னைப் பார்க்க வந்தார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "2,000 அடித்தால் ஒரு பிரதிக்குப் பாதிச் செலவுதான் ஆகிறது, அடித்துவிடலாமா?" நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டேன், வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை. மெய்ப்புப் பார்க்க வேண்டும், அட்டை நன்றாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு பிரதியின் செலவைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்வது

ஆஃப்செட்டில், அதாவது பிளேட் செய்து மொத்தமாக அடிக்கும் முறையில், பிளேட் போடுவது, இயந்திரத்தைத் தயார் செய்வது, மை சீராகும்வரை வீணாகும் தாள் எல்லாம் 300 பிரதிக்கும் 3,000 பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒரு பிரதியின் செலவு இறங்கும். அச்சகக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது அடித்த பிரதியின் கணக்கு, நாம் பார்க்க வேண்டியது விற்ற பிரதியின் கணக்கு.

உதாரணத்துக்கு, குறைவாக அடித்தால் பிரதிக்கு 100 ரூபாய் ஆகிறது, 2,000 அடித்தால் 45 ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 90,000. விற்றது 400 என்றால் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் 225 செலவழித்திருக்கிறீர்கள். அந்த 400ஐ மட்டும் அடித்திருந்தால் 40,000த்தோடு முடிந்திருக்கும்.

என் முதல் புத்தகத்தில் இதுதான் நடந்தது. கடைகள் 500 பிரதிக்கு மேல் எடுத்ததும் அதை விற்பனை என்றே எழுதிக்கொண்டேன், அந்த நம்பிக்கையில் அடுத்த நூலுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன். கடைகளில் விற்காததைப் பதிப்பாளரே திருப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கம் 1930களின் பொருளாதார மந்தத்தில், கடைகள் துணிந்து நூல் வாங்குவதற்காக அமெரிக்கப் பதிப்பாளர்கள் பரவலாக்கியது, இன்றும் பல நாடுகளில் அதுதான் நடைமுறை. எட்டாவது மாதம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன, ஸ்டிக்கர் கறையும் மடங்கிய மூலைகளுமாக, புதுசு என்று விற்கவே முடியாத நிலையில். அப்புறம் ஒரு வாசகர் 61ஆம் பக்க அட்டவணையில் பிழை இருப்பதை எழுதினார். மறு அச்சில் திருத்தலாம் என்றால் முதல் அச்சே 1,500க்கு மேல் கிடக்கிறது. ஒவ்வொன்றிலும் பிழைதிருத்தச் சீட்டை நானே ஒட்டினேன். கடைசியில் பெரும்பகுதியை எடைக்குப் போட்டேன், அதை எழுத்தாளரிடம் சொன்ன நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

இன்று மொத்தமாக அடித்துவைக்கும் கட்டாயமே கிடையாது. லைட்னிங் சோர்ஸ் என்ற அமெரிக்க அச்சு நிறுவனம் 1990களில் தொடங்கியதிலிருந்து, ஆர்டர் வந்த பிறகு ஒரே ஒரு பிரதி அடித்துத் தரும் முறை வளர்ந்துகொண்டேதான் வருகிறது. முதலில் பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 200 அடியுங்கள், வேகமாகப் போனால் ஆஃப்செட்டுக்கு மாறுங்கள். வண்ணப் படங்கள் நிறைந்த நூலுக்கு இந்தக் கணக்கு சரிவராது, அதற்கு முன்பதிவு வாங்கிவிட்டு அடிப்பதே நல்லது. 2021இல் வந்த தாள் தட்டுப்பாட்டைச் சொல்லி நிறைய அடிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தாள் கிடைக்காது என்ற பயம் இருந்தால் மறு அச்சுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், விற்காத நூலை அடித்து அடுக்காதீர்கள்.

"எல்லா உரிமைகளும்" என்று ஒரே வரியில் ஒப்பந்தம் போடுவது

அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எத்தனை ஆண்டுக்கு என்பதோடு எழுதுங்கள். ஒலிநூல் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அந்த உரிமை யாரிடம் என்று தெரியாமல் நல்ல வாய்ப்புகள் கைநழுவுகின்றன. ஏ.ஐ. பயிற்சிக்குப் பிரதியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

எல்லா வடிவத்துக்கும் ஒரே ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்)

கூடாது. பேப்பர்பேக், கெட்டி அட்டை, மின்னூல், ஒவ்வொன்றுக்கும் தனி எண்.

அச்சுக்குப் போன பி.டி.எஃப்.ஐயே மின்னூலாக விற்பது

அதை உங்கள் போனில் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள், ஏன் கூடாது என்று தெரியும்.

ஏ.ஐ. பயன்படுத்தியதைக் கேட்காமலே விடுவது

2023 செப்டம்பரிலிருந்து அமேசானின் கே.டி.பி.யில் (நூலை நாமே வெளியிடும் தளம்) நூலை ஏற்றும்போது, ஏ.ஐ. உருவாக்கிய எழுத்தோ படமோ மொழிபெயர்ப்போ இருந்தால் சொல்லியாக வேண்டும். அட்டைப் படமும் இதில் சேர்த்திதான். எழுத்தாளரிடமும் அட்டை வடிவமைப்பவரிடமும் வேலை தொடங்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.