‘எம்பாரஸ்’ என்னும் ஆங்கில வினையைப் பயன்படுத்தும் முறை

ஒருவரைப் பிறர் முன்னிலையில் கூசச் செய்வதை ‘எம்பாரஸ்’ என்னும் ஆங்கில வினை குறிக்கிறது. தமிழில் ‘சங்கடப்படுத்து’ என்பது பெரும்பாலும் பொருந்தும். தடுத்தல், இடையூறு செய்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது என்பதை நினைவில் வைத்தால், வாயடைத்து நிற்கும் அந்த நிலை எளிதில் விளங்கும்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்வோம். இலையில் ஓடும் ரசத்தைக் கையால் அணைகட்டிக்கொண்டிருக்கும்போது, எதிர்வரிசையிலிருந்து மாமா, “என்னடா, அரியரெல்லாம் முடிச்சிட்டியா?” என்று உரக்கக் கேட்கிறார், பக்கத்து இலைக்காரர்கள் அனைவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இதைச் சொல்ல, ‘மை அங்கிள் எம்பாரஸ்டு மீ’ என்றால் போதும். சங்கடத்துக்கு உள்ளானவரை வினைக்கு அடுத்து நேரடியாகச் சொல்ல வேண்டும். இடையில் ‘டு’ (to) என்னும் தனிச்சொல் வராது.

நம்மவர்கள் அதிகம் தவறுவது வேறோரிடத்தில். ‘ஐ ஆம் எம்பாரஸிங்’ என்றால், என்னால் பிறருக்குச் சங்கடம் என்று பொருளாகிவிடும். கூசிப்போனவர் ‘ஐ ஆம் எம்பாரஸ்டு’ என்றே சொல்ல வேண்டும். ‘எம்பாரஸிங்’ என்பது மாமாவின் கேள்விக்கு உரிய அடைமொழி (மாமாவுக்கும் உரியதே என்பது என் கருத்து).

மானத்தையே வாங்கும் அவமதிப்புக்கு இச்சொல் போதாது. அங்கே ‘ஹியூமிலியேட்’ வேண்டும். இயல்பான கூச்ச சுபாவத்துக்கு ‘ஷை’ போதும். எழுதும்போது ஆர், எஸ் ஆகிய இரண்டு எழுத்துகளும் இரட்டித்து வரும்.