மாத்திரை போட்ட நாட்களை எண்ணியதுண்டா?

என் சித்தியின் கைப்பையில் சில்லறை இல்லாமல் இருக்கும். தலைவலி மாத்திரை இல்லாமல் இருக்காது. காலையில் கனக்கும் தலையோடு எழுவார், காபியோடு ஒன்று. மதியம் மூன்று மணிக்கு இன்னொன்று. “இதைப் போட்டாத்தான் தலை நிக்குது” என்பார். தலை நிற்காததற்கே அந்த மாத்திரைதான் காரணம் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

அடிக்கடி தலைவலி வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். வெறும் பாராசிட்டமால் என்றால் மாதத்தில் 15 நாள், காஃபீன் போன்றவை சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாள். இந்த அளவிலோ இதற்கு மேலோ மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டுக்கொண்டிருந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடும். மருந்தின் வேகம் இறங்கினால் வலி ஏறும். உடனே அடுத்தது. முழங்கால் வலிக்குப் போட்டதும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. நிறுத்தியதும் சில நாள் வலி கூடத்தான் செய்யும். அதனால் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துவதே நல்லது.

இதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதும் தவறுதான். ஒற்றைத் தலைவலி முற்றிவிட்டால் இரைப்பையும் மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை சரியாக உடம்பில் சேராது. போடுவதானால் ஆரம்பத்திலேயே போட வேண்டும். மாதத்தில் பல நாள் வந்தால், வலி வராமலே தடுக்க ப்ரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று வாங்கிவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரொப்ரனலால் ஆபத்து.

அடுத்தது, நாமே ‘சைனஸ்’ என்று பெயர் வைத்து ஆவி பிடிப்பது. மூக்கடைப்பும் கண்ணில் நீரும் ஒற்றைத் தலைவலியிலும் வரும். காய்ச்சலோ கெட்டிச் சளியோ இல்லாமல், குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டு பக்கமும் வலிக்கலாம்.

காபி பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை இடிக்கும். விரத நாள் தலைவலிக்குப் பசியோடு இதுவும் ஒரு காரணம்.

நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் வலுவிழப்பு, தலையில் அடிபட்ட பின் கூடும் வலி: இவற்றுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாதீர்கள்.

சித்தி பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே, மாத்திரை போட்ட தேதிகளைச் சிவப்பில் வட்டமிட ஆரம்பித்தார். முதல் மாதம் 22 வட்டம். அந்தத் தாளைக் கிழித்து மருத்துவரிடம் எடுத்துப் போய்விட்டார். பால்காரர்தான் கணக்கில்லாமல் வாசலில் நின்றார்.