வீட்டுக் கணக்கில் 3200/= ஏன் தொகையில் சேரவில்லை?

கல்லடியில் எங்கள் வீட்டு மாதாந்தக் கணக்கை எக்செல் விரிதாளில் பதியத் தொடங்கியபோது, கடைச் சிட்டையில் எழுதும் பழக்கத்தில் ஒரு தொகைக்குப் பின்னால், ரூபாய்த் தொகை முடிந்ததைக் காட்டும் ‘/=’ குறியையும் சேர்த்துத் தட்டச்சுச் செய்துவிட்டேன். செலவுக்குரிய பி நிரலில் மீனுக்கு 1850, மின்கட்டணத்துக்கு 3200/=, பால்மாவுக்குப் ‘பாக்கி’ என்ற சொல், காத்தான்குடிக்குப் போய்வந்த ஆட்டோவுக்கு 600 என நான்கு பதிவுகள் இருந்தன. 5650 வரவேண்டிய இடத்தில், தொகை கூட்டித் தரும் ‘சம்’ சார்பு 2450 என்று காட்டியது. அதை நம்பி இரண்டு கிழமை செலவழித்தேன்.

எண்ணோடு இத்தகைய குறி ஒட்டியிருந்தால் எக்செல் அக்கலத்தை (விரிதாளின் அப்பெட்டியை) எண்ணாக அன்றி உரையாகவே, அதாவது வெறும் எழுத்தாகவே, கொள்ளும். ‘சம்’ சார்போ தனக்குத் தரப்பட்ட வீச்சில் உள்ள உரையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதே கலங்களை =பி2+பி3+பி4+பி5 எனக் கூட்டினால் #வேல்யூ! என்ற பிழை தோன்றும். (சார்புகளையும் கலங்களையும் இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்திலேயே இடவேண்டும்.) என்னைக் கேட்டால், பிழையென்று கத்தும் சூத்திரம், தவறான தொகையை அமைதியாகத் தரும் சூத்திரத்தைவிட நல்லது. ஆகவே ‘இஃப்எரர்’ சார்பைச் சுற்றிப் பிழையைப் பூச்சியமாக்கி மறைக்க வேண்டாம். மறைத்தால் முழுத் தொகையும் பூச்சியமாகிவிடும்.

முதலில் வெறுங்கலத்தில் =கவுண்ட்ஏ(பி2:பி5)-கவுண்ட்(பி2:பி5) என்று இடுங்கள். முன்னையது நிரம்பிய கலங்கள் அனைத்தையும், பின்னையது எண் உள்ளவற்றை மட்டும் எண்ணும். என் தாளில் விடை 2 என வந்தது. சீரமைப்பை நீங்கள் மாற்றாதிருந்தால், இடப்பக்கம் ஒட்டி நிற்கும் தொகைகளே உரை என்று கண்ணாலும் அறியலாம்.

அடுத்து, தேடி மாற்றும் வசதியில் ‘/=’ குறியைத் தேடி, மாற்றீட்டுப் பெட்டியை வெறுமையாக விட்டு மாற்றுங்கள்; 3200 எண்ணாகிவிடும். அக்கலம் முன்பே உரை வடிவில் அமைக்கப்பட்டிருந்தால் மட்டும் அது மாறாது. அப்போது 1 உள்ள கலமொன்றை நகலெடுத்து, சிறப்பு ஒட்டலில் பெருக்கலைத் தெரிவுசெய்து அதன்மீது ஒட்டினால் போதும். குறி கண்ணுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்பவர் தனிப்பயன் எண் வடிவமாக #,##0"/=" என்பதைக் கொடுக்கலாம்; திரையில் 3,200/= என்று நிற்கும், உள்ளே இருப்பது வெறும் எண்.

‘பாக்கி’ என்பதைக் குறிப்புக்கென ஒதுக்கிய ஈ நிரலுக்கு நகர்த்தினேன். சோதனைச் சூத்திரத்தின் விடை 0 ஆனது.

உரையைப் பூச்சியமாகக் கொள்ளும், ஒற்றை ஆங்கில எழுத்தே பெயரான ‘என்’ சார்புக்கு உரிய இடம் மீதிக்குரிய டி நிரல். வரவு சி நிரலில் இருக்கும்போது, முதல் பதிவுக்குரிய டி2 கலத்தில் =டி1+சி2-பி2 என்றால், டி1இல் உள்ள ‘மீதி’ என்ற தலைப்பே பிழையைத் தரும். =என்(டி1)+சி2-பி2 என்று எழுதினால் அதே சூத்திரத்தைக் கடைசி நிரைவரை இழுத்துவிடலாம். ஆனால் செலவுத் தொகைகளுக்கு ‘என்’ சார்பை இடாதீர்கள்; 3200/= என்பதையும் அது பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளும்.