படிப்பு முடியுமுன் காற்பந்து ஒப்பந்தம் வந்தால் வீட்டார் செய்ய வேண்டியவை

மலேசியாவின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடும் கிளப் ஒன்றிலிருந்து மகனுக்கு அழைப்பு வருகிறது. அவனோ ஆறாம் படிவத்திலோ பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டிலோ இருக்கிறான். செபராங் பிறைத் திடல்களில் இளையோர் அணிகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில், இந்தச் செய்தி வந்த வீடுகள் சிலவற்றுக்குள் நான் போயிருக்கிறேன். எல்லா வீட்டிலும் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்கும்: படிப்பா, பந்தா? தாத்தா அந்தக் காலத்துத் தேசிய கோல்காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை இழுப்பார், அம்மா பட்டமளிப்பு விழாவை இழுப்பார், பையன் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கேள்விக்கு அன்றிரவு விடை கிடைக்காது. விசாரித்தால் விடை கிடைக்கக்கூடிய கேள்விகள் இரண்டு உண்டு. போகிற இடத்தில் அவன் ஆடுவானா? பேசிய சம்பளம் மாதாமாதம் வருமா? இவ்விரண்டையும் விசாரித்து முடித்தால், படிப்பைப் பற்றிய முடிவில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

ஆறுமுகத்தின் காலத்தோடு ஒப்பிடுவதை மட்டும் முதலில் நிறுத்திவிடுங்கள். 1970களில் நாட்டுக்காக ஆடியவர்களில் பலர் அரசுத் துறையிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். நம் லீக் அரைத்தொழில்முறைக்கு மாறியது 1989இல், தொழில்முறைக்கு மாறியது 1994இல். அன்று காலில் அடிபட்டவருக்கும் திங்கட்கிழமை காலையில் போவதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. இன்று ஒப்பந்தம்தான் வேலை. ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

அவன் ஆடுவானா?

இதில் அமெரிக்கர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் காற்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். ஆனால் கல்லூரியை விட்டு முன்கூட்டியே போவதா என்ற கேள்வி அங்கும் இதுவேதான். அங்கே 32 தொழில்முறை அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, டிராஃப்ட் என்ற ஏழு சுற்றுத் தேர்வில், கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்கின்றன. உயர்நிலைப்பள்ளியை விட்டு மூன்றாண்டுகள் ஆகாதவர் அதில் நுழைய முடியாது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய மோரிஸ் கிளாரெட் இந்த விதியை எதிர்த்து 2004இல் வழக்காடித் தோற்றார். மறு ஆண்டு மூன்றாம் சுற்றில் டென்வர் அணி அவரை எடுத்தது, ஆனால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே விடுவித்துவிட்டது. மூன்றாண்டு முடித்தும் படிப்பில் எஞ்சியிருப்பவர்கள், டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்க ஜனவரி நடுப்பகுதியில் வரும் இறுதி நாளுக்கு முன், அணிகளின் தேர்வாளர்கள் அடங்கிய ஓர் ஆலோசனைக் குழுவிடம் தங்களைப் பற்றிய மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். அந்தக் குழு மூன்றில் ஒரு பதிலைத்தான் தரும்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டும் இல்லை. மூன்றாவது பதில் வந்தால், கல்லூரியிலேயே இரு என்று பொருள்.

மதிப்பீடு கையில் இருந்தால் முடிவு தவறாது என்று சொல்ல வரவில்லை. 2011இல் போயிருக்கக்கூடிய ஆண்ட்ரூ லக், ஸ்டான்ஃபோர்டில் இன்னும் ஓராண்டு இருந்து கட்டட வடிவமைப்பில் பட்டம் பெற்று, 2012இல் முதல் ஆளாகத் தேர்வானார். அதேபோலத் தங்கிவிட்ட மாட் லைனார்ட், ஓராண்டு முன்னால் போயிருந்தால் முதலிடம் என்று பலரும் கணித்திருக்க, 2006இல் பத்தாவது இடத்துக்கு இறங்கினார். ஆனாலும் அவர்கள் இருவருக்கும் தங்கள் விலை என்ன என்பது ஓரளவு தெரிந்திருந்தது. நம் பையனுக்கு அது தெரியாது. இங்கே டிராஃப்டும் கிடையாது, ஆலோசனைக் குழுவும் கிடையாது. கிளப் ஆள் நேரே வீட்டுக்கு வருகிறார், அல்லது முகவர் வருகிறார். எனவே அந்த மதிப்பீட்டை வீட்டார்தாம் சேகரிக்க வேண்டும்.

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள்: அவனுக்கு எதிராக அணியை இறக்கிய ஒரு பயிற்றுநர், அவன் ஆடும் இடத்திலேயே தொழில்முறையாக ஆடி ஓய்வுபெற்ற ஒருவர், வேறொரு கிளப்பின் பயிற்சிக் குழுவில் இருக்கும் ஒருவர். அவன் கையெழுத்திடுவதால் மூவருக்கும் ஒரு காசும் வரக்கூடாது. "பையன் எப்படி, நன்றாக ஆடுகிறானா?" என்று கேட்காதீர்கள், நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "இந்தப் பருவத்தில் உங்கள் அணியாக இருந்தால், முதல் பதினொருவரில் இவனை இறக்குவீர்களா? இல்லையென்றால் எது குறைகிறது?" என்று கேளுங்கள். முதலில் சற்றுத் தயங்குவார்கள். தே தாரிக் ஆறுவதற்குள் உண்மை வந்துவிடும்.

பிறகு கிளப்பின் வீரர் பட்டியலை எடுத்து, அவன் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது என்று எழுதுங்கள். வெளிநாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு அண்மைப் பருவங்களில் கூட்டப்பட்டிருக்கிறது. கோல் அடிக்கும் இடத்துக்கும் நடுத் தற்காப்புக்கும் கிளப்புகள் பெரும்பாலும் அவர்களைத்தான் தேடுகின்றன. உங்கள் மகன் முன்வரிசை ஆட்டக்காரனென்றால் இந்தக் கணக்கு அவனுக்கு எதிராகவே நிற்கிறது. பக்கவாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரனென்றால் சற்று மூச்சுவிடலாம். ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியமோ செராஸ் கோலாலம்பூர் ஸ்டேடியமோ, அந்தக் கிளப்பின் சொந்தத் திடலில் மூன்று ஆட்டங்களைப் பாருங்கள். மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில் இருபது வயதுக்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் எழுபதாவது நிமிடத்தில் உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தரப்படுகிற ஒப்பந்தம் முதல் அணிக்கா, இளையோர் போட்டிகளில் ஆடும் இரண்டாம் நிலை அணிக்கா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் நிலை அணிக்கென்றால், அதற்காகப் படிப்பை விடத் தேவையில்லை என்பது என் கருத்து.

சம்பளம் வருமா?

இங்கேதான் வீட்டார் அதிகம் ஏமாறுகிறார்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணியிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022க்குப் பிறகு சூப்பர் லீக்கில் இல்லை. 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரண்டுக்கும் லீக்கில் ஆடுவதற்கான உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 பருவத்துக்குமுன் கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகிக்கொண்டன. பேராக், கெடா என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது நம்ப முடியாத செய்தி. ஆனால் பெயர் பெரிது என்பதால் மாதக் கடைசியில் பணம் வந்துவிடாது.

நான் பயிற்சி கொடுத்த பையன் ஒருவன் பத்தொன்பது வயதில் வேறொரு மாநிலத்துக் கிளப்புக்குப் போனான். முதல் மூன்று மாதம் சம்பளம் சரியாக வந்தது. நான்காம் மாதம் பாதி வந்தது, அதன்பின் பேச்சு மட்டுமே வந்தது. வாடகைக்கு அப்பாவும், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்ற அணித் தோழர்களும் காசு கொடுத்தார்கள். பையன் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை; தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்து அவன் அத்தைதான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து நான் சொல்லும் யோசனை இது: கிளப்பைப் பற்றி அங்கே ஆடும் வீரரிடம் கேட்டால் சமாளித்துப் பேசுவார்; அவருடைய தாயாரிடமோ மனைவியிடமோ கேளுங்கள். போன ஆண்டு ஒவ்வொரு மாதமும் பணம் எந்தத் தேதியில் வந்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

சம்பளத் தொகையையும் பிரித்துப் பாருங்கள். 2,500 ரிங்கிட் என்றால், ஊழியர் சேமநிதிக்கு அவன் பங்கான 11 விழுக்காடு, அதாவது 275 ரிங்கிட் கழியும். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 325 ரிங்கிட் செலுத்த வேண்டும். கிளப் அந்த 325ஐச் செலுத்துகிறதா, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குக் கட்டுகிறதா, அல்லது எல்லாம் 'படி' என்ற பெயரில் கையில் கொடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைவிடச் சற்றே கூடுதலான தொகைக்குப் பட்டப்படிப்பை நிறுத்துவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. கடைசியாக வீட்டுக் கணக்கு: ஆறு மாதம் ஒரு காசு வராவிட்டாலும் அவனுக்குச் சோறும் வாடகையும் போட வீட்டால் முடியுமா? முடியாதென்றால், ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம்.

ஒப்பந்தத்தை வாசித்தல்

வரைவை வீட்டுக்குக் கொண்டுவந்து, குறைந்தது ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்பவர், நாளை மறுநாள் யாரோ ஒருவர் அதைப் படித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறவர்.

காலத்தை முதலில் பாருங்கள். ஃபிஃபா விதிகளின்படி தொழில்முறை ஒப்பந்தம் நடப்புப் பருவம் முடியும்வரையாவது இருக்க வேண்டும், ஐந்தாண்டுகளைத் தாண்டக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு மூன்றாண்டுதான் உச்சவரம்பு. படிக்கிற பையனுக்கு நான் விரும்புவது இரண்டாண்டு. 'கிளப் விரும்பினால் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்' என்ற வாசகம் இருந்தால், அதே உரிமை அவனுக்கும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்று சொன்னால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதியிருந்தால், அதுவும் ஃபிஃபா விதிக்கு முரணானது; பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்னால் கிளப் முடித்துக்கொள்ள வேண்டும்.

சம்பளம் வராவிட்டால் என்ன செய்யலாம் என்பது அடுத்தது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்து, வீரர் எழுத்தில் அறிவித்துக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்தும் கிளப் செலுத்தவில்லையென்றால், அவர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது ஃபிஃபா விதி. உள்நாட்டு வீரருக்கும் உள்நாட்டுக் கிளப்புக்கும் இடையிலான வழக்கில் அது அப்படியே செல்லும் என்று நம்பிக்கொண்டிராமல், அதே வாசகத்தை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய முறையீடு போதும் என்று எண்ண வேண்டாம். கடிதமாக எழுதி, கொடுத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்கு முழுச் சம்பளமா, சிகிச்சை எங்கே என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முழங்கால் முன்தசைநார் கிழிந்தால் திடலுக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அது சிறிய பங்கல்ல. தேர்வு நாள்களுக்கு விடுப்பு என்ற ஒரு வரியையும் கேளுங்கள். கிளப்புக்கு அதனால் பெரிய செலவில்லை. மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு தகவல்.

முகவரைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஃபிஃபா உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் அதன் இணையப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே பெயர் இல்லாதவருக்கு உங்கள் வீட்டில் நாற்காலி போட வேண்டாம். வீரரோடு முகவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இரண்டாண்டுகளைத் தாண்டக்கூடாது. சோதனைப் பயிற்சிக்குப் பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒப்பந்த வரைவை ஒரு வழக்கறிஞரிடமும், மலேசியத் தொழில்முறைக் காற்பந்து வீரர்கள் சங்கத்திடமும் காட்டுங்கள்.

படிப்பின் இடத்தைக் காப்பாற்றுதல்

அமெரிக்கக் கல்லூரி வீரர் இறுதி நாளுக்குப் பிறகும் டிராஃப்டில் பெயரை வைத்திருந்தால் கல்லூரி ஆட்டம் பொதுவாக முடிந்துவிடும். நம் காற்பந்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை: தொழில்முறையாகப் பதிவானவர், கடைசி ஆட்டத்திலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து மீண்டும் அமெச்சூராகப் பதிவாக விதி இடம் தருகிறது. திடலின் கதவு திறந்தே இருக்கும். மூடிக்கொள்வது பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தின் கதவுதான்.

ஆகவே 'நின்றுவிடுகிறேன்' என்று எழுதாமல், படிப்பை ஒத்திவைக்க விண்ணப்பியுங்கள். எத்தனை தவணை ஒத்திவைக்கலாம், அந்தத் தவணைகள் படிப்பின் உச்சக் காலத்தில் எண்ணப்படுமா, விண்ணப்பத்தின் கடைசி நாள் எது என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் இருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விட்டால், திரும்பி வரும்போது கடன் தொகை நின்றுபோயிருக்கலாம். பினாங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலிருந்து தொலைதூரக் கல்வி நடத்துகிறது; ஜார்ஜ் டவுனில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. காலையில் பயிற்சி முடித்து மத்தியானம் தூங்கி எழும் தொழில்முறை வீரனுக்கு, வாரத்தில் பத்து மணி நேரம் படிக்க நேரமில்லை என்பதை நான் நம்புவதில்லை. எஸ்டிபிஎம் தவணைத் தேர்வு மூன்று மாதத்தில் இருக்கும் ஆறாம் படிவ மாணவனுக்கு மட்டும் ஒரே பதில்: தேர்வை எழுதிவிட்டுப் போகட்டும்.

விசாரித்தபின் 'இப்போது வேண்டாம்' என்று முடிவானால், அதைத் தொலைபேசியில் முணுமுணுத்து முடிக்காமல், பையனே தன் பெயரில் ஒரு கடிதம் எழுதட்டும். அழைத்ததற்கு நன்றி, படிப்பு முடியும் மாதம் இது, அதுவரை சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையான ஏ1 அரைத்தொழில்முறை லீக்கில் இடம் தேடுகிறேன், தவணை விடுமுறையில் உங்கள் அணியோடு பயிற்சி செய்ய அனுமதிப்பீர்களா என்று நான்கு வரி போதும். கடிதம் தலைமைப் பயிற்றுநருக்கும் போகட்டும், இளையோர் அணிப் பயிற்றுநருக்கும் போகட்டும். தலைமைப் பயிற்றுநர் அடுத்த பருவத்தில் அங்கே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.