கூற்று யாருடையது? புத்தகம் பற்றிப் பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு மூன்று பேர் புதிதாக வந்திருந்தார்கள். வியாசர்பாடியில் ஒரு மாடி அறை. மற்ற நாட்களில் அங்கே டியூஷன் நடக்கும். ஞாயிறு மாலை மட்டும் எங்களுக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை போட்ட கணக்கு கரும்பலகையில் அழியாமல் இருக்கும். அதன் கீழே பாய் விரித்து உட்கார்ந்து, அவரவர் படித்ததைப் பேசுவோம். இன்னதுதான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் நாவலோடு வருவார், பக்கத்தில் இருப்பவர் ஆலைத் தொழிலாளர் வரலாற்றோடு வருவார், மூன்றாமவர் கையில் சர்க்கரை நோய்க்கான உணவு முறை இருக்கும்.

புதியவர்கள் பேசப் பேச எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடம் முன்னால் நான் செய்த தவறுகளையே, ஏறக்குறைய அதே வரிசையில் செய்தார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கொஞ்சம் சொன்னேன், கொஞ்சத்தை விழுங்கிவிட்டேன். விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

கதை முழுவதையும் ஒப்பிப்பது, படிக்காமலே பேசுவது, எழுத்தாளர் பெயரை மாற்றிச் சொல்வது இதெல்லாம் இந்தக் கட்டுரையில் வராது. அவை தவறு என்று செய்கிறவருக்கே தெரியும்.

முன்னுரையைத் தாண்டிக் குதிப்பது

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைப் படித்துவிட்டு வந்து, "எல்லாம் அருமை. ஆனால் முடிக்கத் தெரியவில்லை. திடீரென்று நின்றுவிடுகிறது" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அது 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமானார். தொடர் அங்கே நின்றது. 1950இல் நூலானபோதும் அந்த இடத்தோடுதான் வெளிவந்தது. மிச்ச வாழ்க்கையை அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் பின்னாளில் தனி நூலாக எழுதினார். எழுதியவர் இறந்துபோனதை, "முடிவு சரியில்லை" என்று குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

முன்னுரை, பதிப்புரை, முதல் பதிப்பின் ஆண்டு, மொழிபெயர்ப்பு என்றால் எந்த மொழியிலிருந்து என்ற விவரம், இவ்வளவையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். புகழுரையாக இருக்கும் முன்னுரையை வேண்டுமானால் விட்டுவிடலாம். அப்படிப்பட்டவைதான் அதிகம், அது வேறு வருத்தம்.

பாத்திரம் பேசியதை எழுதியவர் தலையில் கட்டுவது

இந்தத் தவறுக்காகத்தான் இந்தக் கட்டுரையே. இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், இதற்கு நான் கொடுத்த விலை.

2018, மே மாதம். அப்போது நாங்கள் கொருக்குப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடிக்கொண்டிருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். அந்த ஓய்வில் வலை சரிபார்க்கும் பெரியவர் ஒருவர் எங்களோடு வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்பா, கேக்கறது நல்லா கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் டேங்க் நிழலில் சாய்ந்துகொண்டார்.

அன்று என் முறை. கடற்கரைக் குப்பம் ஒன்றைப் பற்றிய நாவல். பெயரைச் சொல்லவில்லை, தவறு என்னுடையது, அதன்மேல் எதற்கு நிழல்? அதில் ஒரு கந்துவட்டிக்காரர் வசூலுக்கு வருவார். அந்த இடம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: மாலை ஐந்து மணிக்கு அவர் தெருவுக்குள் நுழைந்தார். வெயில் தணிந்திருந்தது. இந்த ஜனம் குடிச்சே அழியும்.

மேற்கோள் குறி இல்லை. "என்று நினைத்தார்" என்ற சொல்லும் இல்லை. நான் அந்தக் கடைசி வாக்கியத்தை உரக்கப் படித்து, "பாருங்கள், இந்த எழுத்தாளர் மீனவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று பாருங்கள்" என்று ஆரம்பித்தேன். இருபது நிமிடம் பேசினேன். நன்றாகவும் பேசினேன், அதுதான் கொடுமை. கைதட்டல் வந்தது.

பெரியவர் எழுந்தார். "நாங்க குடிச்சே அழியறவங்கன்னு பொஸ்தகத்துலயே போட்டுட்டாங்களா? சரிப்பா, நான் கெளம்பறேன்." லுங்கியைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன.

அதன் பிறகுதான் நாவலின் மிச்சத்தைப் படித்தேன். ஆமாம், பாதியில்தான் இருந்தேன். முப்பது பக்கம் தள்ளி, அதே கந்துவட்டிக்காரர் அதே தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி வாங்கிக் குடிக்கிறார். அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான் முதலில் அந்த எண்ணத்தை அவர் மனசில் வைத்திருக்கிறார் எழுதியவர். பெரியவரிடம் இதைச் சொல்ல இரண்டு முறை காசிமேட்டுக்குப் போனேன். பெயர்கூடக் கேட்டு வைத்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில், ஏலச் சத்தத்தில், ‘வலை சரிபார்க்கிற பெரியவர்’ என்று யாரைத் தேடுவது?

சரி, எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? அந்த மூன்று வாக்கியங்களிலேயே துப்பு இருந்தது. முதல் இரண்டும் எழுத்துத் தமிழ். மூன்றாவது "குடித்தே" என்று இல்லை, "குடிச்சே" என்று இருக்கிறது. நாவல் முழுக்க எழுத்துத் தமிழில் கதை சொல்லிவந்தவர் திடீரென்று பேச்சுக்கு இறங்கினால், யாரோ ஒருவருடைய வாய்க்குள்ளோ மனசுக்குள்ளோ நுழைந்துவிட்டார் என்று பொருள். அப்புறம் அந்த "இந்த". ‘இந்த ஜனம்’ என்று சொல்ல ஒருவர் அந்தத் தெருவில் நிற்க வேண்டும். நிற்கிறவர் யார்? வசூல் பையோடு வந்தவர்தான்.

இது ஏதோ வெளிநாட்டு உத்தி என்று நினைக்க வேண்டாம். நம் ஆட்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று யார் பேசுவது எனக் குறித்து வைத்திருக்கிறார்கள். குறுந்தொகை 25ஆம் பாட்டில் தலைவி, தன்னோடு கூடியவனைக் கள்வன் என்கிறாள். பக்கத்தில் ஒரு குருகுப் பறவைதான் இருந்தது, வேறு சாட்சி இல்லை என்கிறாள். பாடியவர் கபிலர். "கபிலரே, உங்களை ஏமாற்றியவன் யார்?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இன்றைய நாவலாசிரியரிடம் மட்டும் நாம் தயங்காமல் கேட்கிறோம்.

கதைகளில்தான் இந்தச் சிக்கல் என்று நானும் நினைத்திருந்தேன். போன ஞாயிறு அந்த நினைப்பும் போனது.

புதிதாக வந்தவர்களில் ஒருவர் கல்லூரி மாணவர். பின்னி ஆலை வேலைநிறுத்தம் பற்றிய ஒரு வரலாற்று நூலிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்தார். புத்தகம் கையில் இல்லை. செல்போனில் படம் பிடித்த ஒற்றைப் பக்கம். வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளர்களின் பொறுப்பின்மையும் வெளியாட்களின் தூண்டுதலும்தான் காரணம் என்று அந்தப் பக்கம் சொன்னது. "இதுதாண்ணா இந்த நூலோட கருத்து. ஆதாரத்தோட எழுதியிருக்காரு" என்றார்.

எங்கே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே இந்த வட்டாரத்து ஆலைத் தொழிலாளர்களை நம்பித்தான். 1921 வேலைநிறுத்தம் தொழிலாளர்களுக்குள்ளேயே சாதி வழியாகப் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிகிற வரைக்கும் போனது. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களின் கொள்ளுப்பேரன்களும், வேலைக்குத் திரும்பியவர்களின் கொள்ளுப்பேரன்களும் அன்றைக்கு அதே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அறை கொஞ்ச நேரம் உம்மென்று ஆகிவிட்டது. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். எனக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்துவிட்டது.

நல்ல வேளை, அந்த நூல் என்னிடம் இருந்தது. வீடு பக்கம்தான், ஓடிப்போய் எடுத்து வந்தேன். மாணவர் படித்த பக்கத்துக்கு முந்தின பக்கத்தின் கடைசிப் பத்தி, "ஆலை நிர்வாகத்தின் வாதம் வருமாறு" என்று தொடங்குகிறது. அந்த வாதம் இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. மூன்றாம் பக்கத்திலிருந்து ஆசிரியர் அதை ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்துப் போடுகிறார். மாணவர் படம் பிடித்தது நடுப்பக்கம். ஆசிரியர் எதை எதிர்த்து நூலே எழுதினாரோ, அது அவருடைய கருத்தாகிவிட்டது.

இதற்கும் நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதி. பரபக்கத்தில் பிற மதத்தார் வாதத்தை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு மறுப்பு வரும். எடுத்துச் சொல்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அதை எழுதிய அருணந்தி சிவாசாரியாரை, கடவுளே இல்லை என்கிற உலகாயதர் ஆக்கிவிடலாம். பரிமேலழகர் உரையிலும் "என்று உரைப்பாரும் உளர்" என்று அடிக்கடி வரும். அதற்கு முன்னால் இருப்பது மற்றவர் உரை. பரிமேலழகருக்குப் பெரும்பாலும் உடன்பாடில்லாதது.

ஆகவே ஒரு வரியை உரக்கப் படிக்கும் முன் அதற்கு முந்தின பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். கட்டுரை நூல்களில் "என்பது அவர்கள் வாதம்", "எனக் கருதப்பட்டது", "அறிக்கையின்படி" இதெல்லாம் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். உள்தள்ளி அச்சிட்ட பத்தி பெரும்பாலும் வேறொருவர் பேச்சு. கூட்டத்தில் சொல்லும்போதும், "இந்த நூல் சொல்கிறது" என்பதற்குப் பதில் யார் வாயால் வந்ததோ அவர் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள். நிர்வாகம் சொன்னதாக இவர் எழுதுகிறார். வட்டிக்காரர் மனசில் இப்படி ஓடுகிறது. நான்கைந்து சொல் கூடும், அவ்வளவுதான்.

முழுப் புத்தகத்தையும் படித்த பிறகும், "இல்லை, இந்த எழுத்தாளருக்கு உண்மையிலேயே இந்த எண்ணம் இருக்கிறது" என்று தோன்றலாம். அப்படியும் புத்தகங்கள் உண்டு. பாத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு தன் வெறுப்பைக் கொட்டுகிறவர்களும் உண்டு. அப்போது தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒரு வரி போதாது. அந்த எண்ணத்தைக் கதை எங்கேயும் மறிக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

நம்ம தெரு வந்துவிட்டால் மயங்குவது

வடசென்னையைப் பற்றிய புத்தகம் என்றால் எங்கள் கூட்டத்தில் பேச்சு இரண்டே விதம். ஒன்று, "எங்க தெரு பேரு வருதுண்ணா!" என்ற குதூகலம். ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது என்று வந்துவிட்டால் போதும், நூல் சிறந்த நூல். இன்னொன்று, "வடசென்னைன்னா கத்தி மட்டும்தானா?" என்ற கோபம். இந்தக் கோபம் எனக்கும் உண்டு, நியாயமானதும்கூட. ஆனால் இரண்டுமே ஊரைப் பற்றிய கருத்து. புத்தகம் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். தெருப் பெயரை எல்லாம் மனசுக்குள் வேறு ஊர்ப் பெயராக மாற்றிக்கொண்டு ஓர் அத்தியாயம் படிப்பாராம். தூத்துக்குடி என்று வைத்தாலும் ஓடுகிறதா என்று பார்ப்பாராம். சில புத்தகம் ஓடும், சிலது படுத்துவிடும். படுத்துவிடுவதெல்லாம் மோசம் என்றும் இல்லை, ஊரைவிட்டுப் பிரிக்க முடியாத எழுத்தாகவும் இருக்கலாம் என்பார். இதைப் பற்றி அவரோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம்.

கட்டுரை நூலிடம் விறுவிறுப்பைக் கேட்பது

ரயில் கால அட்டவணையிடம் யாரும் கேட்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு நந்தினியின் பிறந்த ஊரைத் தேடுவது. நந்தினி கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் நந்தினி இல்லை.

மொழிபெயர்ப்பின் நடையை மூல ஆசிரியர் கணக்கில் எழுதுவது

அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். இரண்டாவதையும் படியுங்கள்.

"எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்"

யார் அந்த எல்லாரும்?

பாதியில் விட்டதை மறைப்பது

பாதியில் விடலாம். நான் வருடத்துக்குப் பத்து புத்தகமாவது விடுகிறேன். ஆனால் எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்வார். 2018இல் "112ஆம் பக்கத்தில் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாடியில் யாராவது ஒருவர், "முடிச்சிட்டு வந்து பேசு தம்பி" என்றிருப்பார்.

அந்தக் கல்லூரி மாணவர் என் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தார்: "அண்ணா, 60ஆம் பக்கம். இதுவரைக்கும் நாலு பேர் பேசிட்டாங்க. அவரு இன்னும் பேச ஆரம்பிக்கல."